ஆகாய கங்கை: குடும்பத்தோடு இறங்கி ஏற ஒரு வழிகாட்டி

மற்ற மலைகளில் ஏறும்போது களைத்து, இறங்கும்போது இளைப்பாறலாம். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உள்ள ஆகாய கங்கை அருவியில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே தொடங்கும் படிக்கட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. குளித்து முடித்துப் பசியும் ஈரத்துணியுமாக நிற்கும் வேளையில்தான் ஏற்றம் காத்திருக்கிறது. ஆகவே இந்தப் பயணத்தைத் திரும்பி ஏறுவதை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும்.

மலையடிவாரத்தில் உள்ள காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வண்டியில் ஏறும் பிள்ளைகள் இருபதாவது வளைவுக்குள் வாந்தி எடுத்துவிடுவார்கள் என்பதால், இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, கையில் ஓர் எலுமிச்சம்பழம் கொடுத்து, முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்க்கும்படி உட்கார வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தை ஒட்டி அருவியில் தண்ணீர் நன்றாக இருக்கும், கோடையில் மெலிந்துவிடும். கனமழையின்போது வனத்துறையினர் குளிக்கத் தடை விதிப்பதுண்டு. மலை ஏறும் முன்பே விசாரித்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

காலை பத்து மணிக்குள் படியில் கால் வைத்துவிடுவது நல்லது. சில படிகள் உயரமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, முழுப் பாதத்தையும் படியில் ஊன்றிப் பக்கவாட்டில் இறங்கினால் முழங்காலுக்குச் சுமை குறையும். பாதி வழியில் ஒருமுறை நின்று பாருங்கள்; தொடை நடுங்கத் தொடங்கியவர் யாராக இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் இதய நோயாளிகளும் மேலே கோயிலிலேயே தங்கிவிடுவது உத்தமம். அங்கே ஓடையில் துள்ளும் மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியாது.

தின்பண்டத்தைக் கையில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோனால் அது குரங்குக்குத்தான் போய்ச் சேரும். முதுகுப்பைக்குள் வைத்து மூடிவிடுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், மாற்றுடை, வழுக்காத அடிப்பாகம் கொண்ட செருப்பு, கடலை மிட்டாய் ஆகியவை போதும். சோப்பும் ஷாம்பூவும் வேண்டாம்.

ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழும் இடத்தை நெருங்கும்போதே சாரல் முகத்தில் அறையும். நேர் கீழே போய் நிற்பது ஆபத்து, ஏனெனில் தண்ணீரோடு சிறு கற்களும் விழக்கூடும். குழந்தைகளைக் கையைப் பிடித்தபடி ஓரத்தில் குளிக்க வையுங்கள். தெளிவாக விழும் நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, மேலே எங்கோ மழை கொட்டுகிறது என்று பொருள். துணியைக் கூட எடுக்காமல் உடனே கரையேறிவிட வேண்டும்.

திரும்பும்போது குழுவிலேயே மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். ஐம்பது படிக்கு ஒருமுறை நின்று, ஒரு மடக்கு தண்ணீர் குடித்து ஏறினால், இறங்கியதைப்போல இரு மடங்கு நேரம் ஆனாலும், தோளில் தூக்கச் சொல்லி அழாமல் பிள்ளைகள் மேலே வந்து சேர்வார்கள்.