நோர்வே வதிவிட அட்டை எதுவரை செல்லும்?

நோர்வேக்கு வந்த புதிதில் ஜேர்மனியிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினர் சொல்வதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அவர்கள் இருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில். நோர்வே மக்களோ 1972இலும் 1994இலும் வாக்களித்து ஒன்றியத்தில் சேர மறுத்தவர்கள். ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பிரதேச ஒப்பந்தத்தால் 1994 முதல் ஒன்றியத்தின் சந்தைக்குள்ளும், 2001 முதல் எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கும் நாடுகளின் வட்டமான ஷெங்கனுக்குள்ளும் நோர்வே இருக்கிறது.

ஷெங்கன் உங்களுக்குத் தருவது பயணம் மட்டுமே. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் நோர்வே வதிவிட அட்டையோடு மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்கள் தங்கலாம். போய் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும். சுவீடன் எல்லையில் பெரும்பாலும் மறிப்பதில்லை என்று கடவுச்சீட்டை வீட்டில் விட்டுப் போகாதீர்கள். ரயிலில் பொலிஸ் கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும். அட்டை காலாவதியாகி, புதுப்பிக்க விண்ணப்பித்துக் காத்திருக்கும் நாட்களில் இன்னும் கவனம் தேவை. விண்ணப்பித்த கடிதத்தைக் காட்டிப் பாரிஸ் கலியாணத்துக்குப் போக முடியாது. பிரித்தானியாவுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா எடுக்க வேண்டும்.

வேலை உரிமை வேறு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற உங்கள் மைத்துனர் ஒஸ்லோவுக்கு வந்து உடனே வேலை தொடங்கலாம். மூன்று மாதங்களுக்கு மேல் தங்கினால் பொலிஸில் பதிந்தால் போதும். உங்கள் அட்டை உங்களுக்குப் பிரான்சில் வேலை செய்யும் உரிமையைத் தராது. ஒன்றியத்தின் நீண்டகால வதிவிடச் சட்டமும் நோர்வேக்குப் பொருந்தாது. ஐந்து வருடம் இங்கே உழைத்தாலும் அந்தக் காலம் ஒன்றிய நாடுகளில் நீண்டகால வதிவிடத்துக்கு எண்ணப்படாது. ஒன்றியத்துக்கு வெளியே நிற்பதன் இழப்பு நம்மைப் போன்றவர்கள் மேல்தான் கூடுதலாக விழுகிறது.

ஒன்றிய நாடுகள் தமக்குள் சுங்கத் தீர்வை வாங்காத சுங்க ஒன்றியத்திலும் நோர்வே இல்லை. ஜேர்மனியிலிருந்து 1,000 குரோணருக்குச் சுடிதார் வாங்கினால் 25 சதவீத பெறுமதி சேர் வரி (VAT), அதாவது 250 குரோணர். இந்தியாவில் தைத்ததென்றால் சுங்கத் தீர்வையும், பொதி கொண்டுவரும் நிறுவனத்தின் கட்டணமும் சேரக்கூடும். உணவு விடயத்தில் மட்டும் ஒன்றியத்தின் விதியே இங்கும்: ஊரிலிருந்து இறைச்சி, நெய், பால்கோவா கொண்டுவரக் கூடாது.

ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸில் வாக்குரிமை இல்லாமலே அங்கே எழுதும் விதிகளை ஏற்க வேண்டியிருப்பது இங்கே தீராத மனத்தாங்கல். மின்சாரத்தில் அது வெடிக்கிறது. ஒன்றியத்தின் எரிசக்தி விதிகளை ஏற்க மறுத்து மத்திய கட்சி (Senterpartiet) 2025 ஜனவரியில் அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. ஜேர்மனிக்கும் பிரித்தானியாவுக்கும் மின்சாரம் கொண்டுபோகும் கடலடிக் கேபிள்கள் உள்ள தெற்கில் பெரும்பாலும் விலை அதிகம், வடக்கில் குறைவு. தெற்கில் வீடு எடுப்பவர்கள் மின்கட்டணம் வாடகைக்குள் அடங்குமா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.