மறைப்பதில் தொடங்கும் தவறுகள்: மனநோயும் நம் குடும்பங்களும்

மனநோய் வந்த வீடுகளில், மருத்துவரைத் தேடுவதற்கு முன்பே வெளியில் சொல்லிக்கொள்ள ஒரு காரணத்தைத் தேடிவிடுகிறார்கள். வேலையை விட்டுவிட்டு அறைக்குள் முடங்கிய மகன் "அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான்". விசேஷங்களுக்கு வராத மருமகளுக்கு "ஒற்றைத் தலைவலி". இப்படி மறைப்பதில் கழியும் மாதங்கள்தாம் சிகிச்சைக்கு மிகவும் தேவைப்படும் மாதங்கள். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேரிலிருந்து கிளைப்பவை.

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும் வரலாம். அந்த வயதில் ஒரு பிள்ளை குளிக்காமல் இருப்பதும், இரவெல்லாம் விழித்திருப்பதும், நண்பர்களை விட்டு விலகுவதும் திமிராகவோ சோம்பலாகவோ கைபேசியின் கோளாறாகவோ படுவது இயல்பே. ஆனால் படிப்பும் தூக்கமும் பேச்சும் ஒருசேர மாறி அது வாரக்கணக்கில் நீடித்தால், அதன் பிறகும் கண்டித்துத் திருத்த முயல்வது வீண். மனச்சோர்வோ வேறு வேடத்தில் வரும்: நெஞ்சடைப்பு, உடல்வலி, பசியின்மை, "கேஸ்". இதற்காக ஸ்கேன் மையம் ஸ்கேன் மையமாக அலைந்து, எல்லா முடிவுகளும் "நார்மல்" என்று வந்த பின்பும், மனநல மருத்துவரிடம் போகலாம் என்று யாராவது சொன்னால் கோபப்படுகிற குடும்பங்கள் சென்னையில் ஏராளம்.

கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. 1794-இல் தொடங்கிய, இன்று மனநலக் காப்பகமாகக் கீழ்ப்பாக்கத்தில் இயங்கும் அரசு மருத்துவமனையைத் திரைப்படக் கேலிக்குப் பயன்படுத்திப் பழகிவிட்டோம். அதன் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்ற அச்சம் படித்தவர்களையும் விடுவதில்லை. அந்த வாசல் தயக்கம் தருமானால், ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மற்றப் பிரிவுகளோடு மனநலப் பிரிவும் இருக்கிறது. அங்கே யாருக்காக வந்தீர்கள் என்று எவரும் ஊகிக்கப் போவதில்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதில் தவறில்லை. அங்கேயே விட்டுவிட்டு வருவதுதான் தவறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பெயர்பெற்ற ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அந்தத் தடை வீட்டுக்குள் பூட்டிவைப்பவர்களின் மனச்சாட்சிக்கும் எட்ட வேண்டும். ஏர்வாடியில் பின்னாளில் பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்து நடக்கத் தொடங்கியதை நினைத்தால், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை என்பது விளங்கும்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு என்று நான் கருதுவது, "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும்" என்ற முடிவைத்தான். திருமணத்தால் எந்த மனநோயும் குணமாவதில்லை. புது வீடு, தூக்கக்கேடு, உறவுகளின் எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்து, அடங்கியிருந்த நோயைக் கிளறிவிடவே வாய்ப்பு அதிகம். அதிலும் பெண்ணுக்கு நோய் இருந்து, மாமியார் வீட்டில் மாத்திரை அட்டை கண்ணில் படக் கூடாது என்று தாயே மருந்தை நிறுத்தச் சொல்லும் வழக்கம் சில மாதங்களிலேயே நோயை மீண்டும் கொண்டுவந்துவிடுகிறது. மறைத்துச் செய்த திருமணம் பிறகு நீதிமன்றத்தில் போய் நிற்கும்போது, பறிபோவது பெரும்பாலும் அந்தப் பெண்ணின் சீரும் நிம்மதியும்தான். மருந்தோடு நலமாக இருக்கும் பலர் திருமணம் செய்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். வாழ்க்கைத் துணைக்கு முன்பே தெரிந்திருப்பதே அதற்கு அடித்தளம். கருத்தரிக்கும் திட்டம் இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கக் கூடியவை. மகப்பேறு முடிந்த முதல் இரண்டு வாரங்களில் தாய் தூங்காமல், தொடர்பற்றுப் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாகச் சந்தேகப்பட்டால், அதைக் காற்று, கருப்பு என்று ஒதுக்காமல் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்ல வேண்டும்.

மருந்தைப் பற்றிய தவறுகள் தனி வகை. மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாளில் "பலனில்லை" என்று நிறுத்துவோரும், நன்றாகிவிட்டதே என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்துவோரும் ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்வதும், நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி படிப்படியாகக் குறைப்பதும் பொதுவான முறை. இன்னொன்று, மாத்திரையைப் பொடித்துக் குழம்பில் கலந்து கொடுப்பது. சந்தேகமே நோயாக இருக்கிற ஒருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டால், சாப்பாட்டையும் சேர்த்து நிறுத்திவிடுவார். குடியை நிறுத்தும் மருந்தான டைசல்ஃபிராமைக் குடிப்பவருக்கே தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போல் குடித்துவிட்டால், அது உயிருக்கே உலைவைக்கும். மாத்திரை மறுப்பவருக்கு நீண்ட நாள் செயல்படும் ஊசி உண்டு. அதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம்.

இருமுனை மனநோய்க்கான லித்தியம் மருந்தை எடுப்பவர்கள் நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. கத்திரி நாட்களில் வியர்த்து, தண்ணீர் குறைந்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்தால், இரத்தத்தில் லித்தியம் அளவு ஆபத்தான எல்லைக்கு ஏறிவிடும். திடீரென உப்பைக் குறைத்தாலும், மூட்டு வலிக்குக் கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கிப் போட்டாலும் அதே கதைதான். கை நடுக்கம் கூடி, வாந்தி எடுத்து, நடை தள்ளாடினால் அடுத்த மாதத்து இரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கலாகாது.

வீட்டுப் பேச்சும் நோயின் போக்கை மாற்றும். ஓயாத குறைகூறலும் பகையும் அளவு கடந்த கைதாங்கலும் உள்ள வீடுகளுக்குத் திரும்பும் நோயாளிகளுக்கு நோய் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை, லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் தொடங்கிவைத்த ஆய்வுகள் காட்டின. பக்கத்து வீட்டார் தன் காதில் பேசுகிறார்கள் என்று ஒருவர் சொன்னால், அது பொய் என்று வாதாடவும் வேண்டாம். ஆமாம் போடவும் வேண்டாம். "உனக்கு அது பயமாக இருக்கிறது, புரிகிறது" என்றால் போதும்.

பராமரிப்பவரை மறப்பது குடும்பத்தின் தவறு மட்டுமன்று, நம் உறவுச் சூழலின் தவறும்கூட. அனேகமாக அது ஒரு தாய். தன் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்க மறப்பவர், "எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்" என்பதைத் தவிர வேறு நினைப்பில்லாதவர். அண்ணனுக்கு நோய் என்றால் தங்கையின் வரன் தட்டிப்போகிறது. தந்தைக்கு என்றால் பள்ளிப் பிள்ளை, தான் செய்த குறும்பே காரணம் என்று உள்ளுக்குள் நம்பிக்கொள்கிறது. பிள்ளையிடம் "அப்பாவுக்கு உடம்பு முடியாதது போல மனசுக்கும் முடியவில்லை, நீ காரணமில்லை" என்று சொல்லியாக வேண்டும். சென்னையில் மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃப் போன்ற நிறுவனங்கள் குடும்பத்தாருக்கும் வழிகாட்டுகின்றன. மருத்துவக் காப்பீட்டில் மனநோய்க்கும் உடல் நோய்க்கு இணையான வாய்ப்பு தரவேண்டும் என்று 2017 சட்டம் சொல்வதையும், மனநோய் ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதையும் பலர் கேட்டு அறிவதே இல்லை.

கடைசியாக, கேட்டால் தூண்டிவிடுவோம் என்று அஞ்சித் தற்கொலை பற்றிப் பேசாமலே விடுவது. நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைப்பதில்லை. சொல்ல முடியாமல் தவித்தவருக்கு அது வாய் திறக்க வழிவிடுகிறது. முயன்று உயிர் பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே 2017 சட்டம் கருதுவதால், வழக்குக்குப் பயந்து மருத்துவமனையில் காரணத்தை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை; உண்மையைச் சொன்னால்தான் சரியான நச்சுமுறிவு கிடைக்கும். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவும் இருக்கிறது. அழைத்துவிட்டு, வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்தி, மறுநாள் மருத்துவரைப் பார்க்கும் வரை அவரைத் தனியே விடாமல் வீட்டார் முறை வைத்து உடனிருக்க வேண்டும்.