தொழிலாளர் சட்டத்தை நாமே படிக்கத் தொடங்குவது எப்படி

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் துணிக்கடையில் நிற்கிறவர்களும் கங்கைகொண்டான் சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிறவர்களும் கொஞ்சமாவது சட்டம் படித்து வைக்க வேண்டும். வக்கீல் ஆவதற்கு இல்லை, நம் சம்பள ரசீது நமக்குப் புரிவதற்கு.

முதலில் எதைப் படிப்பது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கின்றன, அதனால் பழைய கைடு கையில் கிடைத்தால் எந்த வருடப் பதிப்பு என்று பார்க்காமல் நம்பாதீர்கள். சட்டத்தின் மூல வாசகம் இந்தியா கோடு என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம், இரண்டு நாளில் அலுத்துவிடும். உங்களுக்கே இருக்கிற ஒரு கேள்வியோடு போங்கள், போனதும் வரையறைப் பிரிவைத் திறங்கள். காசு அங்கேதான் இருக்கிறது. 'ஊதியம்' என்ற வரையறையையே எடுத்துக்கொள்வோம். மொத்தச் சம்பளம் 26,000, அதில் பேசிக் 8,000, மீதி 18,000 வீட்டு வாடகைப்படி, பயணப்படி என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியம்தான் என்கிறது சட்டம். பாதி 13,000, தாண்டியது 5,000, ஆக ஊதியம் 13,000. பத்து வருடம் வேலை பார்த்தவர் இதை மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 26-ஆல் வகுத்து, வருடத்துக்கு 15 நாள் ஊதியம் என்று 15-ஆல் பெருக்கி, பத்தால் பெருக்கினால் பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கிற கிராஜுவிட்டி, 75,000 ரூபாய் வருகிறது. பேசிக்கை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் 46,000 சொச்சம்தான். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்! பேப்பர் பேனா வைத்துக்கொண்டு உங்கள் ரசீதுக்கும் இதைப் போட்டுப் பாருங்கள், சட்டம் மனசில் நிற்கும்.

அப்புறம் மாநிலச் சட்டம். கடை வேலை என்றால் 1947-ஆம் வருடத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், அதில் 22-ஏ பிரிவு. வேலை நேரத்தில் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் சேர்த்தார்கள். சின்னப் பிரிவுதான், கால் கடுக்க நிற்கிற பெண்பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம்! அதைப் பக்கத்தில் நிற்கிறவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

படிக்கும்போது 'வேண்டும்' என்கிற இடத்தையும் 'லாம்' என்கிற இடத்தையும் தனித்தனியாகக் கோடு போடுங்கள், முன்னது முதலாளியின் கடமை, பின்னது பெரும்பாலும் விருப்பம். கெடு சொல்லும் பிரிவுகளை மட்டும் நோட்டில் தனியாக எழுதி வையுங்கள். சம்பளப் பாக்கி கேட்டு அந்த நான்கில் ஒன்றான ஊதியச் சட்டத்தின் கீழ் மனுப் போட மூன்று வருடம்தான் அவகாசம்.