திரும்பி வந்த பார்சலை அன்னிக்கே பிரிங்க: ஆன்லைன்ல துணி விக்கிறவங்களுக்கு

திருப்பூர் பக்கம் டீசர்ட், நைட் பேன்ட், லெகின்ஸ் தைக்கிற சின்ன யூனிட்டுக்காரங்க நிறையப் பேரு இப்ப மீஷோ, பிளிப்கார்ட், அமேசான்னு நேராவே விக்கிறாங்க, சில பேரு சொந்த வெப்சைட்டும் வெச்சிருக்காங்க. ஆர்டர் எப்படிக் கொண்டு வர்றதுனு சொல்லிக் குடுக்க ஊருப்பட்ட வீடியோ இருக்கு, போன பீஸ் திரும்பி வந்தா என்ன பண்றதுனு சொல்றவங்க ரொம்பக் கம்மி. ஆனா மாசக் கடைசில லாபம் கையில நிக்குதா இல்லையானு முடிவாகிறது அந்த எடத்துலதான், அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதறேன்.

மொதல்ல ரிட்டனை ரெண்டா பிரிச்சுக்குங்க. ஒண்ணு ஆர்டிஓ (ரிட்டன் டு ஒரிஜின்), கஸ்டமர் கைக்கே போய்ச் சேராம திரும்பி வர்றது. வீடு பூட்டியிருந்திருக்கும், போன் எடுத்திருக்க மாட்டாங்க, அட்ரஸ் அரைகுறையா இருக்கும், இல்ல கேஷ் ஆன் டெலிவரில போட்டுட்டு வாசல்ல வந்தப்ப வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. இன்னொண்ணு கஸ்டமர் ரிட்டன், வாங்கிப் பிரிச்சுப் போட்டுப் பாத்துட்டு சைஸ் சேரல, கலர் வேற, தையல் விட்டிருக்குனு திருப்பி அனுப்பறது. ஆர்டிஓவைக் குறைக்கணும்னா ஆர்டர் வந்த ஒடனே வேலை பாக்கணும், கஸ்டமர் ரிட்டனைக் குறைக்கணும்னா போட்டோ, சைஸ் சார்ட், செக்கிங் டேபிள்ல வேலை பாக்கணும். ரெண்டையும் சேத்து "மொத்த ரிட்டன் இத்தனை பர்சன்ட்"னு ஒரே நம்பரா பாத்துட்டிருந்தா எங்க ஓட்டைனு கடைசி வரைக்கும் தெரியாது.

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பாப்போம், டேக்ஸ், விளம்பரச் செலவு எல்லாம் விட்டுட்டு. சொந்த சைட்ல டீசர்ட் விலை 299, தைக்க ஆன அடக்கம் 150, கூரியர் 60, கவர் லேபிள் பேக்கிங் 9 ரூபாய்னா டெலிவரி ஆன ஒரு பீஸ்ல 80 ரூபாய் நிக்கும். 100 ஆர்டர்ல 70 டெலிவரி, 20 ஆர்டிஓ, 10 கஸ்டமர் ரிட்டன்னு வெச்சுக்குங்க. 70 பீஸ்ல 5,600 வந்துச்சு. திரும்பி வந்த ஒவ்வொண்ணுக்கும் போன கூரியர் 60, வர்ற கூரியர் 50, பேக்கிங் 9, ஆக 119 போச்சு, 30 பீஸுக்கு 3,570. அதுல ரெண்டு பீஸ் விக்கவே முடியாத நெலைல வந்தா இன்னும் 300. மிச்சம் 1,730 ரூபாய். இதுல அந்த 28 நல்ல பீஸும் மறுபடி ஸ்டாக்ல ஏறிடுச்சுனு நம்பிக் கணக்குப் போட்டிருக்கோம், அது மூலைல மூட்டையா கெடந்தா 28 பீஸோட அடக்கம் 4,200 ரூபாயும் அங்கயே முடங்கிக் கெடக்கும், லாபம்னு நெனச்சது எல்லாம் காணாமப் போயிடும். உங்க சொந்த நம்பரைப் போட்டு இதே கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, அப்பறம் ரிட்டன் மூட்டையைப் பாக்கற பார்வையே மாறும்.

அதனாலதான் சொல்றேன், ரிட்டன் வந்த பார்சலை அன்னிக்கே பிரிங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு ஒரு நாள் விட்டா அது ஒரு வாரம் ஆகும். இதுக்குனு தனி டேபிள், மேல நல்ல வெளிச்சம், போனை மாட்டி வெக்க ஒரு ஸ்டாண்ட், ஒரு ஆள், இவ்வளவுதான் வேணும், பேக்கிங் டேபிள்லயே ஒரு ஓரமா ரிட்டனையும் வெச்சுப் பாக்காதீங்க, புது ஆர்டரும் பழைய பீஸும் கலந்துடும்.

கூரியர்காரர் மூட்டையா கொண்டாந்து போட்டு "அண்ணா கையெழுத்துப் போடுங்க, இல்ல ஓடிபி சொல்லுங்க"ம்பாரு. அவரு அவசரம் அவருக்கு, ஆனா எண்ணிப் பாக்காம குடுக்காதீங்க. லேபிள்ல இருக்கற ஏடபிள்யூபி நம்பரை, அதாவது கூரியரோட ட்ராக்கிங் நம்பரை, ஒவ்வொண்ணா ஸ்கேன் பண்ணி அவரு லிஸ்ட்டோட ஒத்துப் பாத்துட்டு, டேப் கிழிஞ்சு மறுபடி ஒட்டின மாதிரி இருந்தா, கவர் அளவுக்கு மீறி லேசா இருந்தா, அவரு முன்னாடியே ஒரு போட்டோ எடுத்து ரசீதுல குறிச்சுட்டு அப்பறம் கையெழுத்துப் போடுங்க.

பிரிக்கறப்ப வீடியோ கட்டாயம், அதுவும் கட் இல்லாம ஒரே ஓட்டமா. ஏடபிள்யூபி நம்பர் தெளிவா படிக்கிற மாதிரி காட்டணும், கவரோட எல்லாப் பக்கமும் காட்டணும், அப்பறம் டேப் வெட்டி பீஸை வெளிய எடுத்து சைஸ் லேபிள், டேக், முன்பக்கம், பின்பக்கம், கழுத்து எல்லாம் காட்டிட்டுத்தான் நிறுத்தணும். பைலுக்குப் பேரு அந்த ஏடபிள்யூபி நம்பரேதான், வேற எந்தப் பேரு வெச்சாலும் தேடறப்ப கெடைக்காது. அனுப்பறப்ப பேக்கிங் வீடியோவும் இதே மாதிரி எடுத்து வெச்சிருந்தா நீங்க என்ன அனுப்பினீங்க என்ன திரும்பி வந்துச்சுனு ரெண்டையும் பக்கத்துல வெச்சுக் காட்டலாம். நம்ம டீசர்ட்டுக்குப் பதிலா பழைய சட்டையோ வேற பிராண்ட் பீஸோ வந்தா பிளாட்பாரத்துல கிளைம் போடணும், அமேசான்ல சேஃப்-டி கிளைம்னு இருக்கு, பிளிப்கார்ட்ல எஸ்பிஎஃப் (செல்லர் புரொட்டக்‌ஷன் ஃபண்ட்), மீஷோலயும் ரிட்டன் பகுதிக்குள்ளயே கிளைம் போடற வழி இருக்கு. எதுக்கும் ஒரு கெடு உண்டு, கெடு எத்தனை நாள்னு அடிக்கடி மாத்தறாங்க, அதனால உங்க செல்லர் பேனல்ல இப்ப என்ன போட்டிருக்குனு பாத்து டேபிளுக்கு மேல சுவத்துல ஒட்டி வெச்சிடுங்க.

பிரிச்ச பீஸைப் போட நாலு கூடை வெச்சுக்குங்க. பாலிபேக்கே பிரிக்காம வந்தது ஒரு கூடை, பெரும்பாலும் ஆர்டிஓ இதுல விழும், கவர் மட்டும் மாத்தி ஸ்டாக்ல ஏத்திடலாம், ஏத்தறதுன்னா ரேக்ல வெக்கறது மட்டும் இல்ல, கம்ப்யூட்டர்லயும் அப்பவே எண்ணிக்கையைக் கூட்டணும். பிரிச்சுப் போட்டுப் பாத்த பீஸ் ரெண்டாவது கூடை, அதை வெளிச்சத்துல விரிச்சு அக்குள்ல சென்ட் வாசம், கழுத்துல பவுடர் கறை, முடி ஏதாச்சும் இருக்கானு பாத்து, சுத்தமா இருந்தா அயர்ன் பண்ணி புது பாலிபேக் போட்டு ஏத்தலாம். நூல் பிரிஞ்சது, பட்டன் போனது மாதிரி சரி பண்ணக்கூடியது மூணாவது. மிச்சம் நாலாவது, அதை வாரா வாரம் செகண்ட்ஸ்ல, குறையுள்ள துணினு சொல்லியே கம்மி விலைக்கு, தள்ளிடுங்க, திருப்பூர் காதர்பேட்டை பக்கம் எடுக்க ஆள் இருக்காங்க, கிழிஞ்சது பனியன் வேஸ்ட்ல போயிடும். உடுத்தித் துவைச்ச பீஸை அயர்ன் பண்ணி புதுசுன்னு இன்னொருத்தருக்கு அனுப்பறதை மட்டும் எக்காரணம் கொண்டும் பண்ணாதீங்க. காசு குடுத்து ஆசையா புதுசு வாங்கறவங்களுக்குப் பண்ற துரோகம் அது, என்னைக் கேட்டா அந்த 150 ரூபாய் போனா போகட்டும்.

இனி காரணம் எழுதறது. பிளாட்பாரத்துல கஸ்டமர் தேர்ந்தெடுத்த காரணம் ஒண்ணு வரும், நீங்க பீஸைப் பாத்து தெரிஞ்சுக்கற காரணம் வேற ஒண்ணா இருக்கும். "குவாலிட்டி சரியில்ல"னு போட்டிருப்பாங்க, பீஸைப் பாத்தா ஒரு குறையும் இருக்காது, சைஸ் பத்தாம திருப்பியிருப்பாங்க. ரெண்டையும் தனித்தனி பத்தில எழுதுங்க, கூடவே எஸ்கேயூ (ஒவ்வொரு மாடலுக்கும் நீங்க வெக்கற கோட்), சைஸ், எந்த பிளாட்பாரம், எந்த லாட்டுல தைச்சது, அவ்வளவு போதும், கூகுள் ஷீட்லயே முடிஞ்சிடும். வாரம் ஒருக்கா எஸ்கேயூ, சைஸ் வாரியா சேத்துப் பாருங்க. ஒரே மாடல்ல எக்ஸ்எல் மட்டும் டைட்டுனு தொடர்ந்து வந்தா கஸ்டமர் மேல தப்பில்ல, கட்டிங்லயோ சார்ட்லயோ தப்பு. அந்த சைஸை ஒடனே நிறுத்தி வெச்சு ரேக்ல இருந்து நாலஞ்சு பீஸ் எடுத்து டேப் வெச்சு அளந்து பாத்துட்டு அப்பறம் அனுப்புங்க.

சைஸ் சார்ட்ட வேற ஒருத்தர் லிஸ்டிங்ல இருந்து காப்பி அடிக்கிற பழக்கம் நிறைய எடத்துல இருக்கு, ரிட்டன் வர்றதுக்கு அதைவிடப் பெரிய காரணம் கெடையாது. உங்க பீஸைத் தரைல விரிச்சு, அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழ மார்பளவு எடுத்து ரெண்டால பெருக்கி, நீளம், தோள்பட்டை எல்லாம் நீங்களே அளந்து போடுங்க. காட்டன் பனியன் துணி காம்பாக்டிங் (சுருங்காம இருக்க மெஷின்ல அழுத்தறது) சரியா ஆகலன்னா மொதத் துவையல்லயே சுருங்கும், அதனால ஒரு பீஸைத் துவைச்சுக் காயப்போட்டும் அளந்து பாத்துக்குங்க. துணியோட அளவு எது, உடம்போட அளவு எதுனு பிரிச்சுப் போடணும், 40னு மட்டும் போட்டா வாங்கறவங்க தன்னோட மார்பு அளவுனு நெனச்சுக்குவாங்க, பீஸும் 40 இருந்தா ஒட்டிப் புடிக்கும். ஜிஎஸ்எம்மையும், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறதையும், உள்ளதை உள்ளபடி எழுதுங்க, 160ஐ 180னு போட்டா தொட்டுப் பாத்த ஒடனே திருப்பிடுவாங்க. போட்டோ பகல் வெளிச்சத்துல எடுங்க, மெரூன் செவப்பா தெரிஞ்சா அது ரிட்டன்தான்.

ஆர்டிஓ பக்கம் வேலை சீக்கிரம் முடியும். சொந்த சைட்ல சிஓடி (கேஷ் ஆன் டெலிவரி) ஆர்டர் வந்தா வாட்ஸப்ல ஒரு மெசேஜ், பதில் இல்லன்னா ஒரு போன், கதவு நம்பர், லேண்ட்மார்க் இல்லாத அட்ரஸ்னா கேட்டு வாங்கிட்டு அப்பறம் அனுப்புங்க. முன்னாடியே பணம் கட்டினா கொஞ்சம் விலை குறைச்சுக் குடுங்க, ஆர்டிஓ செலவோட பாத்தா அந்தத் தள்ளுபடி கட்டுபடியாகும். கூரியர்ல இருந்து என்டிஆர், அதாவது டெலிவரி ஆகலங்கற தகவல், வந்தா அன்னிக்கே கஸ்டமருக்குக் கூப்பிட்டு எப்ப இருப்பீங்கனு கேட்டு மறு டெலிவரி போடுங்க, நாலு நாள் கழிச்சுப் பாத்தா பார்சல் திரும்பி வர்ற வண்டில ஏறியிருக்கும். ஒரே நம்பர்ல இருந்து திரும்பத் திரும்ப ரிட்டன் ஆகற ஆர்டருக்கு சிஓடி வேண்டாம்.

சட்டமும் ஒரு வார்த்தை. 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள்படி குறை உள்ள பொருள், போலி, விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லாத பொருள், சொன்ன தேதிக்கு மேல லேட்டா வந்த பொருள் இதையெல்லாம் திருப்பி வாங்க மாட்டேன்னு சொல்ல முடியாது, "நோ ரிட்டன் நோ ரிபண்ட்"னு பேனர் போட்டாலும் அது செல்லாது. புகாருக்கு 48 மணி நேரத்துல வந்துச்சுனு பதில், ஒரு மாசத்துல தீர்வு. மனசு மாறித் திருப்பறதை எடுக்கறதா வேண்டாமாங்கறது சொந்த சைட்னா உங்க பாலிசி, ஆனா அதை வாங்கறதுக்கு முன்னாடியே தெரியற மாதிரி போட்டிருக்கணும்.

உண்மையாவே குறை இருந்து திருப்பறவங்ககிட்ட இழுத்தடிக்காதீங்க. பீஸ் கைக்கு வந்து பாத்த அன்னிக்கே ரிபண்டைப் போட்டுட்டு, பேமென்ட் கேட்வேல பணம் போய்ச் சேர 5ல இருந்து 7 வேலை நாள் ஆகலாம்னு ஒரு மெசேஜும் போட்டுடுங்க, அந்த மெசேஜ் இல்லாமதான் பாதி சண்டை வருது. விலை கம்மியான பீஸ்ல ஓட்டைனு போட்டோ அனுப்பினா ரிவர்ஸ் பிக்கப் போட்டு கூரியருக்குக் குடுக்கறதைவிட "அதை வெச்சுக்குங்க, வேற அனுப்பறோம்"னு சொல்றது பல நேரம் செலவு கம்மி.

மாசக் கடைசில ரெண்டு ஒத்துப் பாக்கற வேலை இருக்கு. பிளாட்பாரம் "ரிட்டன் டெலிவர்டு"னு காட்டற லிஸ்ட்டையும் உங்க வீடியோ போல்டரையும் வெச்சுப் பாத்தா வராத பார்சல் எதுனு தெரியும், அதுக்கும் கிளைம் உண்டு. அப்பறம் ஜிஎஸ்டி. ரிட்டன் ஆன பில்லுக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் கழிக்கற சீட்டு) போட்டு ஜிஎஸ்டிஆர்-1ல, அதாவது விற்பனையைக் காட்டற ஜிஎஸ்டி படிவத்துல, கழிக்கலன்னா விக்காத துணிக்கு வரி கட்டிட்டிருப்பீங்க, ஒரு நிதியாண்டுல வித்து திரும்பி வந்ததை அந்த ஆண்டு முடிஞ்சு வர்ற நவம்பர் 30க்குள்ள, இல்ல வருஷ ஜிஎஸ்டி கணக்கை அதுக்கு முன்னாடியே போட்டுட்டா அதுக்குள்ள, காட்டிடணும். உங்களுக்குத் தர்ற பணத்துல பிளாட்பாரம் ஜிஎஸ்டிக்காகப் புடிக்கிற டிசிஎஸ் 2024 ஜூலை 10ல இருந்து அரை பர்சன்ட், அதையும் ரிட்டன் கழிச்ச மிச்சத்துக்குத்தான் புடிக்கணும், உங்க கணக்கோட ஒத்துப் போகுதானு ஆடிட்டர்கிட்ட குடுத்துப் பாக்கச் சொல்லுங்க.

தீபாவளிக்கு ஆர்டர் கூடும்னு பேக்கிங்குக்கு ஆள் சேப்பீங்க, பண்டிகை முடிஞ்ச ஒடனே அவங்களை நிறுத்திடாதீங்க. அடுத்த ரெண்டு மூணு வாரம்தான் ரிட்டன் குவியும், அதுல ரெண்டு பேரை ரிட்டன் டேபிளுக்கு மாத்திப் போட்டு பொங்கலுக்கு முன்னாடி அத்தனையும் ஸ்டாக்ல ஏத்திடுங்க.