வெற்றி விகிதத்தில் திறனைப் பார்ப்பது எப்படி

ஆன்லைன் போட்டி விளையாட்டில் பல நூறு ஆட்டங்கள் ஆடியும் வெற்றி விகிதம் 51 விழுக்காட்டைத் தாண்டவில்லையே என்று மனம் தளர்பவர்கள், அந்த எண்ணை விட்டுவிட்டு முதலில் தங்கள் ரேட்டிங்கை, அதாவது திறனைக் காட்ட விளையாட்டு தரும் புள்ளி எண்ணைப் பார்க்க வேண்டும். வெற்றி தோல்விக்கேற்ப தரநிலை ஏறி இறங்கும் ரேங்க் ஆட்டங்களில், எதிராளியைத் தேர்ந்து தரும் மேட்ச்மேக்கிங் முறை உங்களுக்கு நிகரானவர்களையே எதிரே நிறுத்துகிறது. நீங்கள் தேறத் தேற எதிராளியின் தரமும் ஏறுவதால், தொடக்க நிலையில் இருப்பவரும் நன்கு கைதேர்ந்தவரும் ஏறத்தாழ 50 விழுக்காட்டிலேயே இருப்பது இயல்பு. நிகரானவர்கள் எளிதில் கிடைக்காத உச்சியில் மட்டும் விகிதம் உயர்ந்து நிற்கும்.

திறன் இடைவெளி வெற்றி வாய்ப்பை எவ்வளவு மாற்றும் என்பதைக் கணக்கிட, அர்பாட் எலோ சதுரங்கத்துக்காக வகுத்து, 1970இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. வெற்றி தோல்வி மட்டுமே உள்ள, ஒருவருக்கு ஒருவர் மோதும் ஆட்டத்தில் ரேட்டிங்கில் 100 புள்ளி கூடுதலாக உள்ளவர் வெல்லும் வாய்ப்பு 64 விழுக்காடு. 200 புள்ளி என்றால் 76. 400 என்றால் 91.

ஐவர் அணி ஆட்டத்தில்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். நீங்கள் மட்டும் மற்ற ஒன்பது பேரைவிட 100 புள்ளி மேலானவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியின் சராசரி 20 புள்ளிதான் உயரும். சராசரியை வைத்துக் கணக்கிட்டால் வெற்றி வாய்ப்பு 53 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாகவே வரும். ஆகவே அணி ஆட்டத்தில் நீண்ட காலம் நிலைக்கும் 53 விழுக்காடு அற்பமானதன்று. உங்கள் ரேங்க் உங்கள் திறனுக்குக் கீழே இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

நீண்ட காலம் என்று சொல்லக் காரணம் உண்டு. சரிசமமான வாய்ப்புள்ள ஒருவர் 100 ஆட்டங்களில் 40 முதல் 60 வரை எத்தனை வென்றாலும் அதைத் தற்செயல் என்றே கொள்ளலாம். 400 ஆட்டங்களில்கூட இந்த ஊசலாட்டம் 45 விழுக்காட்டுக்கும் 55 விழுக்காட்டுக்கும் இடையே இருக்கும். நேற்று இரவு தொடர்ந்து ஐந்து தோற்றதால் உங்கள் கை மழுங்கிவிடவில்லை.

எனவே தனியாக ஆடியவற்றையும் நண்பர்களோடு சேர்ந்து ஆடியவற்றையும் பிரித்து எழுதுங்கள். சாதாரண ஆட்டங்களை ரேங்க் கணக்கில் கலக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு முந்தைய ரேட்டிங்கோடு இன்றையதை ஒப்பிடுங்கள். பிறகு, தோற்ற ஆட்டத்தின் ரீப்ளே பதிவைத் திறந்து, நீங்கள் செத்த இடங்களை மட்டும் பாருங்கள். திரையின் மூலையில் உள்ள சிறு வரைபடமான மினிமேப்பில் எதிரணியினர் இருவரைக் காணவில்லை. அது தெரிந்தும், எதிரணியின் சிறுபடைகள் வரும் இன்னும் ஒரு அலையை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று முன்னேறி நின்ற அந்த நான்கு நொடிகளை வெற்றி விகிதம் ஒருபோதும் காட்டாது. அப்படிச் சாவது ஆட்டத்துக்கு எத்தனை முறை என்று அடுத்த 20 ஆட்டங்களுக்கு எண்ணி வாருங்கள். அந்த எண்ணிக்கை குறைகிறதா என்பது, ரேட்டிங் அசைவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.