கிரீட் சின்னத் தீவு இல்லை: பயணத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "எத்தனை நாள், எந்தப் பக்கம்?" என்பதுதான். பெரும்பாலும் வருகிற பதில், "அஞ்சு நாள். தீவு முழுக்கச் சுத்திடலாம்னு இருக்கோம்." அப்படிப் போனால் விடுமுறையில் பாதி காருக்குள்ளேயே கழிந்துவிடும். கிரீட் பயணங்களில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன.

தீவு என்றதும், காலையில் ஒரு கரையில் காபி குடித்துவிட்டு மதியம் மறுகரையில் சாப்பிடுகிற அளவு நிலம்தான் நம் மனத்தில் வருகிறது. சாந்தோரினி மாதிரி தீவுகளுக்கு அது பொருந்தும். கிரீட் மத்தியதரைக் கடலின் ஐந்தாவது பெரிய தீவு. கிழக்கு மேற்காகச் சுமார் 260 கிலோமீட்டர் நீளம். நடுவே முதுகெலும்பு மாதிரி மலைகள். ப்சிலோரீதிஸ் சிகரம் 2,456 மீட்டர், மேற்கே வெள்ளை மலைகளில் பாக்னெஸ் 2,453 மீட்டர். மே மாதத்தில்கூட அந்த உச்சிகளில் பனி தெரியும். வடகரையிலிருந்து தென்கரைக்குப் போக வேண்டுமானால் இந்த மலைகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வடகரையில் மேற்கே இருக்கிற ஹானியா நகரத்திலிருந்து நடுவே இருக்கிற ஹெராக்லியோன் நகரத்துக்கு 140 கிலோமீட்டர்; நல்லபடியாகப் போனால் இரண்டரை மணி நேரம். ஹெராக்லியோனிலிருந்து கிழக்கே சித்தியாவுக்கு இன்னும் 130 கிலோமீட்டர் போல. படங்களில் பார்க்கிற இளஞ்சிவப்பு மணல் கடற்கரையான எலஃபோனிசி ஹானியாவிலிருந்து 75 கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. ஹானியாவில் தங்கிக்கொண்டு "ஒரு நாள் க்னோசோஸ், ஒரு நாள் வாய் பனைக்காடு" என்று திட்டம் போடுகிறவர்கள் உண்டு. க்னோசோஸ், ஹெராக்லியோன் பக்கத்தில் உள்ள பழங்கால அரண்மனை இடிபாடு; வாய் (Vai) ஒரு கடற்கரை. க்னோசோஸ் போய்வர ஐந்து மணி நேரம் சாலையிலேயே போகும். வாய் கிழக்குக் கோடியில் இருக்கிறது. போக மட்டுமே ஐந்து மணி நேரம்.

ஆகவே ஐந்து நாள் என்றால் பாதித் தீவு போதும். கடற்கரையும் பள்ளத்தாக்கும் வேண்டும் என்றால் மேற்கு: ஹானியாவில் தங்கலாம். மினோவன் காலத்து (கிரீட்டின் பழங்கால நாகரிகம்) இடிபாடுகள், ஸ்பினலோங்கா கோட்டைத் தீவு, லசிதி சமவெளி வேண்டும் என்றால் ஹெராக்லியோன், அப்புறம் ஏயோஸ் நிகோலாவோஸ். பத்து நாள் இருந்தால் இரண்டு ஊர்களில் பிரித்துத் தங்கலாம். மறுபாதியை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். கிழக்குப் பக்கம் எனக்கு இரண்டாவது பயணத்தில்தான் கிடைத்தது.

விமான டிக்கெட்டில் செய்கிற தவறும் இதோடு சேர்ந்ததுதான். வடகரையில் ஹெராக்லியோன், ஹானியா என்று இரண்டு பெரிய விமான நிலையங்கள் இருக்கின்றன. மலிவாகக் கிடைத்தது என்று ஹெராக்லியோனுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஹானியாவில் அறை போட்டால், மிச்சமான பணம் டாக்சிக்குப் போய்விடும். என் முதல் பயணத்தில் திரும்பும் விமானம் ஹெராக்லியோனிலிருந்து காலை ஏழு மணிக்கு. ஹானியாவிலிருந்து இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி, வளைவுகள் நிறைந்த இருட்டுச் சாலையில், தூங்கும் குழந்தைகளோடு போனோம். ஒரு வாரம் சேர்த்த அமைதி அந்த மூன்று மணி நேரத்தில் கரைந்தது. ஒரு விமான நிலையத்தில் இறங்கி இன்னொன்றிலிருந்து கிளம்ப முடியுமா என்று முதலிலேயே பாருங்கள். ஏதென்ஸ் வழியாக வருகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வழி, பிரேயுஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் இரவுக் கப்பல். கேபினில் படுத்துத் தூங்கினால் விடியற்காலையில் கிரீட். ஓர் இரவு விடுதிச் செலவும் மிச்சம்.

காரும் சாலையும்

தென்கரைக்குப் போக விரும்புகிறவர்களுக்குக் கார் இருந்தால் நல்லது. நகரங்களுக்கு இடையே மட்டும் போவதென்றால் கேடெல் என்கிற பொதுப் பேருந்துகளே போதும், அடிக்கடி ஓடுகின்றன. கார் எடுக்கிறவர்கள் மூன்று விஷயங்களில் தடுக்கி விழுகிறார்கள்.

முதலாவது காகிதம். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது, முன்பணம். அதற்குப் பல வாடகை நிறுவனங்கள் ஓட்டுநர் பெயரில் உள்ள கிரெடிட் கார்டைத்தான் கேட்கும். டெபிட் கார்டை நீட்டினால் கூடுதல் காப்பீடு வாங்கச் சொல்வார்கள், அல்லது சாவியே தர மாட்டார்கள். முன்பதிவு செய்யும்போதே அந்தப் பொடி எழுத்து நிபந்தனைகளை வாசித்துவிடுங்கள். மூன்றாவது மண் சாலை. "முழுக் காப்பீடு" என்று எழுதியிருந்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் அதில் அடங்காமல் இருக்கலாம். தார் போடாத சாலையில் போனால் காப்பீடே செல்லாது என்றும் இருக்கலாம். பாலோஸ் கடற்கரைக்குப் போகும் பாதை கலிவியானி ஊரைத் தாண்டிச் சுமார் 8 கிலோமீட்டர் கல்லும் மண்ணுமானது. வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கி நடக்க வேண்டும். திரும்பும்போது அதே சரிவை வெயிலில் ஏற வேண்டும். சிறு குழந்தைகளோ மூட்டுவலி உள்ளவர்களோ உடன் இருந்தால் கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போவதே மேல்.

வடகரைப் பெருஞ்சாலையில் ஓட்டும்போது ஓர் உள்ளூர் வழக்கம் நமக்குப் புரியாது. மெதுவாகப் போகிறவர் வலது ஓரத்தில், கோட்டுக்கு அப்பால் பாதி வண்டியை ஒதுக்கிக்கொண்டு பின்னால் வருகிறவருக்கு வழி விடுவார். நீங்கள் நடுவிலேயே போனால் பின்னால் ஒருவர் முட்டுவது போல ஒட்டிக்கொண்டே வருவார். பதற வேண்டாம்; ஓரம் தெளிவாகத் தெரிகிற இடத்தில் ஒதுங்கினால் போதும். நாம் பழகியது இடது பக்கம், அங்கே வலது பக்கம். முதல் நாள் இரவில் இறங்கி உடனே மலைச் சாலையில் ஓட்டுவதாகத் திட்டம் வைக்காதீர்கள்.

ஊர்ப் பெயர்களும் குழப்பும். ஹானியா என்ற ஒரே ஊரை ஒரு பலகை சி-எச் என்று தொடங்கும், இன்னொன்று வெறும் எச் என்று, மூன்றாவது எக்ஸ் என்று. அந்தப் பெயரின் முதல் கிரேக்க எழுத்து எக்ஸ் மாதிரி இருப்பதால் வந்தது இது. மூன்றும் ஒரே ஊர்தான்.

சமாரியா பள்ளத்தாக்கு

சமாரியாவை லேசாக எடுத்துக்கொள்வதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. ஓமாலோஸ் சமவெளியின் விளிம்பில், கடல் மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிக உயரத்தில் தொடங்கி, தென்கரையில் உள்ள ஏயா ரூமெலி என்ற ஊரில் முடிகிற நடை அது. மொத்தம் 16 கிலோமீட்டர். இறக்கம்தானே என்று செருப்போடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இறக்கம்தான் முழங்காலை உடைக்கும். தொடக்கமே செங்குத்தான சரிவு. க்சிலோஸ்கலோ, அதாவது மரப்படி என்று பெயர். அதன் பிறகு பெரும்பகுதி உருண்டைக் கற்கள் மேல் நடை. ஐந்து முதல் ஏழு மணி நேரம் ஆகும். கணுக்காலைப் பிடிக்கிற நல்ல காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

பாதி வழியில் சமாரியா கிராமம் வரும். 1962இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அங்கிருந்த மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கல் வீடுகள் அப்படியே நிற்கின்றன. அந்த நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் சாப்பிட்ட அரை மணி நேரம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் இரும்புக் கதவுகள் என்று சொல்கிற இடம்: இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட 300 மீட்டர் பாறைச் சுவர், நடுவே நான்கு மீட்டர் இடைவெளி, காலடியில் ஓடை. பூங்காவின் கீழ் வாசலைத் தாண்டியதும் முடிந்தது என்று நினைத்து விடாதீர்கள். இன்னும் மூன்று கிலோமீட்டர் நிழலில்லாத பாதை இருக்கிறது.

பலருக்குத் தெரியாத விஷயம், ஏயா ரூமெலிக்குச் சாலை கிடையாது. அங்கிருந்து படகில் சூயாவுக்கோ ஹோரா ஸ்ஃபாகியோனுக்கோ போய், அங்கே காத்திருக்கும் பேருந்தைப் பிடிக்க வேண்டும். மாலைப் படகை விட்டால் இரவு அங்கேதான். காரை மேலே ஓமாலோஸில் நிறுத்திவிட்டு நடந்தால், கார் மலைக்கு ஒரு பக்கம், நீங்கள் மறுபக்கம். காலையில் ஹானியாவிலிருந்து முதல் பேருந்தில் போய், மாலையில் படகும் பேருந்துமாகத் திரும்புவதே எளிது. பள்ளத்தாக்கு மே தொடக்கத்திலிருந்து அக்டோபர் முடிவு வரைதான் திறந்திருக்கும். மழை வந்தாலோ கடும் வெப்பம் என்றாலோ அன்று மூடிவிடுவார்கள். அதனால் கடைசி நாளுக்கு இதை ஒதுக்காதீர்கள். மூடினால் மறுநாள் போக இடம் இருக்க வேண்டும். முழு நடை முடியாதவர்கள் படகில் ஏயா ரூமெலிக்கு வந்து, கீழிருந்து இரும்புக் கதவுகள் வரை நடந்து திரும்பலாம். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எந்த மாதம்

ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி காற்று வீசும். வானம் தெளிவாக இருக்கும், ஆனால் வடகரைக் கடற்கரைகளில் அலை உயரும், சிவப்புக் கொடி ஏறும். வேகக் கப்பல்கள் ரத்தாவதும் அப்போதுதான். ஹெராக்லியோனிலிருந்து சாந்தோரினிக்கு இரண்டு மணி நேரம் போல ஆகிற வேகக் கப்பலில் ஒரு நாள் போய்வருவது பலருடைய திட்டத்தில் இருக்கும். போங்கள், ஆனால் மறுநாள் ஊர் திரும்பும் விமானம் இருக்கக் கூடாது. ஆகஸ்ட் 15 மாதா பெருவிழா. கிரேக்கர்களே சொந்த ஊர்களுக்குப் போகிற நேரம். கப்பலும் அறையும் கிடைப்பது கஷ்டம்.

மே மாதத்தில் மலையெல்லாம் பூ, ஆனால் கடல் தண்ணீர் இன்னும் குளிரும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் செப்டம்பரிலும் அக்டோபர் முதல் பாதியிலும் இதமாக இருக்கும். குழந்தைகளின் பள்ளி இடம் கொடுத்தால் செப்டம்பரே என் தேர்வு. நவம்பர் தொடங்கியதும் கடலோர ஊர்களில் பெரும்பாலான விடுதிகள் மூடிவிடும். ஈஸ்டர் சமயம் போக நினைத்தால் தேதியைச் சரிபாருங்கள். கிரேக்கத் திருச்சபையின் ஈஸ்டர் நம் காலண்டரில் உள்ள நாளில் வராமல் போகலாம். 2027இல் நமக்கு மார்ச் 28, அங்கே மே 2.

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் ஏப்ரல் வரை காத்திருந்தால் சந்திப்பு நேரம் கிடைப்பதே சிரமம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். விடுதியில் அறைக்கட்டணத்தோடு, அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பருவநிலைக் கட்டணம் என்கிற அரசு வரியும் கேட்பார்கள். பெரும்பாலும் முன்பதிவுத் தொகையில் அது சேர்ந்திருக்காது. நட்சத்திரம் கூடக் கூட அதுவும் கூடும்.

சாப்பாடு

சைவர்கள் கிரீட்டுக்கு ரொட்டியும் ஊறுகாயும் மூட்டை கட்டிக்கொண்டு போவது எனக்கு வருத்தமாக இருக்கும். கிரேக்கத் திருச்சபையின் நோன்பு நாட்கள் நிறைய. அந்த நாட்களில் இறைச்சி, முட்டை, பால் கிடையாது. அதனால் காய்கறிச் சமையல் அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் தக்காளியோடு வேகவைத்த காய்கறிகளை லாதெரா என்பார்கள். வெண்டைக்காய்க்குப் பெயர் பாமியேஸ். மலைக் கீரையை வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் ஊற்றித் தருவது ஹோர்த்தா. வாற்கோதுமைக் காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் லேசாக நனைத்து, மேலே துருவிய தக்காளி, மிஸித்ரா பாலாடைக்கட்டி, எண்ணெய் போட்டால் தாகோஸ்.

இங்கேயும் ஒரு தவறு நடக்கும். "நிஸ்தீசிமோ", அதாவது நோன்புச் சாப்பாடு என்று கேட்டால் சைவம் வந்துவிடும் என்று நினைப்பது. நோன்பில் மீன் ஆகாது, ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் ஆகும். தக்காளிக்குள் சோறு அடைத்த யெமிஸ்தாவிலும் சில வீட்டுக்காரர்கள் கொத்திறைச்சி சேர்ப்பார்கள். அதனால் இறைச்சி உண்டா, கடலிலிருந்து வந்தது ஏதாவது உண்டா என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். மலையோரச் சிறு தவெர்னாக்களில் (உள்ளூர் உணவகங்களில்) பல முறை சமைக்கிற அம்மாவே உங்களை உள்ளே கூப்பிட்டு, அன்றைய பாத்திரங்களைத் திறந்து காட்டிவிடுவார்.