ஈபி-1ஏ: ஆய்வாளராக அமெரிக்கா வந்தவர்கள் முதல் வருடமே தொடங்க வேண்டிய வேலை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஆய்வுப் பணிக்கு வரும் நம்மவர்களில் பலர் 'அசாதாரணத் திறமை' என்ற பெயரைக் கேட்டே, அத்தகையவர்களுக்கான கிரீன் கார்டு வகையான ஈபி-1ஏ பக்கம் போவதில்லை. நோபல் வாங்கியவர்களுக்கு உரியது என்று ஒரு நினைப்பு. அப்படிப்பட்ட பெரிய பரிசு இல்லாதவர்களுக்காக 10 அளவுகோல்கள் இருக்கின்றன. அவற்றில் 3 பொருந்தினால் போதும், மனுப் போடலாம். ஆய்வுக் கட்டுரைகள், பிறர் கட்டுரைகளை மதிப்பிட்ட அனுபவம், துறைக்குச் செய்த முக்கியமான சொந்தப் பங்களிப்பு ஆகிய மூன்றும்தான் ஆய்வாளர்களுக்கு வழக்கமாகக் கைகொடுப்பவை. இதற்கான ஐ-140 என்ற குடியேற்ற மனுவை நீங்களே போடலாம் என்பதால் பேராசிரியரின் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்று பொருந்திவிட்டாலே மனு தேறிவிடாது. 2010இல் வந்த கசாரியன் வழக்குத் தீர்ப்பையொட்டி, துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் நீங்களும் ஒருவரா என்று எல்லாச் சான்றுகளையும் சேர்த்து வைத்துக் குடியேற்ற அதிகாரிகள் மறுபடி எடைபோடுகிறார்கள். பலர் இடறுவது இங்கேதான். மேற்கோள்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டுவதைவிட, முன்பின் தெரியாத ஒரு குழு தன் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் "இவருடைய முறையைப் பின்பற்றினோம்" என்று எழுதிய பக்கத்தை, அந்த வரியை அடையாளமிட்டு இணைப்பது வலுவானது. பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். "கடின உழைப்பாளி, நல்ல பண்பாளர்" என்று உங்கள் வழிகாட்டி இரண்டு பக்கம் புகழ்வது கல்யாணத்துக்கு வரன் பார்க்க உதவலாம். உங்களோடு வேலை செய்யாத ஒருவர், உங்கள் ஆய்வைத் தம் ஆய்வகத்தில் எதற்குப் பயன்படுத்தினார் என்று எழுதும் அரைப் பக்கம் அதைவிட மேல்.

மதிப்பீட்டுக்கு அழைப்பு வந்தது மட்டும் சான்றாகாது. மதிப்பிட்டு முடித்ததைக் காட்ட வேண்டும். இதழாசிரியர் அனுப்பும் நன்றி மின்னஞ்சலை அன்றன்றே உங்கள் சொந்தக் கணக்கில் சேமியுங்கள். வேலை மாறினால் பல்கலைக்கழக மின்னஞ்சல் முடங்கிவிடும்.

இனி வரிசை. ஐ-140க்குக் கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாட்களில் முடிவோ, கூடுதல் சான்று கேட்டுக் கடிதமோ வரும். ஆனால் அது கிரீன் கார்டு அல்ல. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்கள் முன்னுரிமைத் தேதியை (மனு பதிவான நாளை) வைத்துக் காத்திருக்க வேண்டும். அடுத்த வகையான ஈபி-2இல் இந்தக் காத்திருப்பு பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது, ஈபி-1ஏ அடங்கிய ஈபி-1இல் குறைவு. என் கட்சி இதுதான்: ஈபி-1ஏ அளவுக்கு இன்னும் வளரவில்லை என்றால், தேசிய நலன் அடிப்படையில் ஈபி-2 மனுவை முதலில் போட்டுவிடுங்கள். அது ஏற்கப்பட்டால், பின்னாளில் ஈபி-1ஏ கிடைக்கும்போது பழைய தேதியையே கொண்டு போகலாம்.

கணக்கில் வருவது கடவுச்சீட்டு அல்ல, பிறந்த நாடு. மனைவியோ கணவரோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கில் நீங்களும் சேர்ந்து, இந்திய வரிசையைத் தவிர்க்கலாம். வழக்கறிஞரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் வந்தவர்கள், ஈராண்டு சொந்த நாட்டில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை தங்களுக்கு உண்டா என்று பார்க்க வேண்டும். இருந்தால், அதை நிறைவேற்றாமலோ விலக்குப் பெறாமலோ கிரீன் கார்டு விண்ணப்பம் நகராது. மேலும், எச்-1பி வேலை விசா போலன்றி, ஜே-1இல் இருப்பவர் ஐ-140 போட்டபின் ஊருக்குப் போய் விசா புதுப்பிக்கும்போது சிக்கல் வரலாம். பொங்கலுக்கு டிக்கெட் எடுப்பதற்கு முன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.